கடைசிப் படலைக்குத் தண்ணீர் போன நாள்

எனக்குக் கோபம் வந்தால் குரல் பெருத்துவிடும். எங்கள் ஊர்க் குடிநீர்ச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டதற்கு அதைவிட வேறு காரணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தலைவர் மெல்லப் பேசுகிற மனுசன். பொருளாளர் ஆளைக் கண்டால் சிரிப்பார், அவ்வளவுதான். ஆகவே சங்கம் தொடங்கிய கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து யாரோ, "உவாவைப் போடுங்கோ, உவா கதைச்சா அரசாங்கக் கச்சேரிக்கும் கேக்கும்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது புகழ்ச்சியா நக்கலா என்று யோசித்து, தேவையில்லாமல் என் வீட்டுக்காரர்மேல் எரிந்து விழுந்தேன்.

வன்னியில் துணுக்காய்ப் பக்கம், ஒரு குளத்துக்குக் கீழே இருக்கிற ஊர் எங்களுடையது. குளம் இருக்கிறது, வயல் இருக்கிறது, வீட்டுக்கு வீடு கிணறும் இருக்கிறது. குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். தேத்தண்ணீர் ஊற்றினால் மேலே ஒரு ஆடை கட்டும். பாலாடை என்று நினைத்துக்கொண்டு குடிக்கலாம், மனம் வந்தால். வசதியுள்ளவர்கள் கடையில் பிளாஸ்டிக் கானில் அடைத்த தண்ணீர் வாங்கினார்கள். மற்றவர்கள் கிணற்றையே குடித்தார்கள்.

என் அக்கா கிணற்றைக் குடித்தவள். அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கி, வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கிறது என்றார் டொக்டர். தண்ணீர்தான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இனிமேல் அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு மிடறும் ஆகாது என்றார். அக்கா தலையை ஆட்டினாள். அவள் தலையாட்டுவதை நம்பக்கூடாது என்று டொக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அக்கா தனியாக இருக்கிறாள். அத்தான் இல்லை. மகள் வவுனியாவில் கலியாணம் செய்து குடும்பமாக இருக்கிறாள். அக்காவின் வளவு மேட்டில் ஏறுகிற மேல் ஒழுங்கையில் இருக்கிறது; அவளுடைய வேலிக் கதவுதான் எங்கள் ஊரின் கடைசிப் படலை. அதற்கு அப்பால் காடு. எங்கள் வீடு குளக்கட்டோடு இருப்பதால், கடையில் கான் வாங்கி மோட்டார் சைக்கிளில் கட்டி, ஊர் முழுக்கத் தாண்டி மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மாரி பிறந்தால் அந்த ஒழுங்கையில் மாடும் வழுக்கும். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை கானோடு விழுந்து எழும்பினார். நாங்கள் போகாத நாட்களில் அக்கா கிணற்றைக் குடிப்பாள், கேட்டால் இல்லை என்று சாதிப்பாள். நான் நேரே குசினிக்குள் போய் அவளுடைய கேத்தலின் மூடியைத் திறந்து அடியைப் பார்ப்பேன். அதன் பிறகு நாங்கள் பிடிக்கிற சண்டை காட்டுக் குரங்குகளுக்கும் பழகிப்போயிருந்தது.

அக்காவின் மகள் கடைசியில் ஒரு முடிவு சொன்னாள். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வருமாம் என்கிறார்களே, அது அம்மாவின் படலைக்கு வந்தால் அம்மா இருக்கட்டும். வராவிட்டால் வீட்டைப் பூட்டிப்போட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும். அக்கா அதற்கும் தலையாட்டினாள். இந்தத் தடவை உண்மையாகவே ஆட்டினாள். எங்கள் அம்மாவின் வயிற்றில் பிறந்தவர்களில் எனக்கு மிஞ்சியிருப்பது அவள் ஒருத்திதான். மகள் சொல்வது நியாயம் என்று எனக்கு விளங்கியது. விளங்கினால் என்ன, நெஞ்சு ஒத்துக்கொள்ள வேண்டுமே.

இனிக் கடன் விசயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு நீர் வழங்கல் பகுதியிலிருந்து ஒரு இளம் உத்தியோகத்தர் வந்திருந்தார். பெண்பிள்ளை. நாங்கள் "மிஸ்" என்போம். கிராமத்துக் குடிநீர்த் திட்டங்களுக்கும் கழிவுநீர் வசதிகளுக்கும் அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கிறது, உங்கள் சங்கமும் கேட்கலாம் என்றார். கடன் என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், பெண்கள் இருந்த பக்கம் முழுக்க அசைந்தது. ஏனென்றால் அதற்குச் சில வருசங்களுக்கு முன்னர் கம்பனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வந்து கடன் கொடுத்து, பிறகு கிழமைக்குக் கிழமை படலையில் நின்று தவணை கேட்டு வாங்கியதை நாங்கள் மறக்கவில்லை. சமைத்த சோற்றை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பின்வேலியால் ஓடியவர்கள் அந்த மண்டபத்திலேயே இருந்தார்கள்.

நான் எழும்பினேன். "லோன் கதை எங்களுக்கு வேண்டாம் மிஸ். கட்ட ஏலாமல் போனா ஆற்ர வீட்டுப் படலையில வந்து நிப்பியள்? அதை முதல் சொல்லுங்கோ."

"ஒருத்தற்ர படலையிலயும் நிக்கமாட்டம் அம்மா. கடன் சங்கத்துக்குத்தான். நீங்கள் தண்ணிக்குக் கட்டுற காசில சங்கம் கொஞ்சங்கொஞ்சமாக் கட்டும். காணி உறுதி வேண்டாம், நகை வேண்டாம்."

"அப்ப என்னத்தை நம்பித் தாறியள்?"

"உங்களைத்தான்" என்றது அந்தப் பிள்ளை.

நான் உட்கார்ந்துவிட்டேன். எங்களுக்கு நிவாரணம் தெரியும். தறப்பாள் தந்திருக்கிறார்கள், அரிசி தந்திருக்கிறார்கள், வாளியும் பாயும் தந்து படம் எடுத்திருக்கிறார்கள். அதெல்லாம் எங்களைப் பார்த்துப் பாவம் என்று தந்தது. கடன் அப்படியில்லை. பல வருசம் கட்டி முடிக்கவேண்டிய ஒரு கடனைத் தருகிறார்கள் என்றால், அத்தனை வருசமும் நாங்கள் இதே இடத்தில் இருப்போம் என்று எங்கேயோ ஒரு அரசாங்கக் கந்தோரில் யாரோ நம்பி ஒப்பம் வைக்கிறார்கள். நாங்களே அப்படி நம்பிப் பழகியவர்கள் இல்லை. எப்போது ஓட வேண்டி வருமோ என்று அலுமாரிக்கு மேலே ஒரு பை எப்போதும் அடுக்கித் தயாராக இருக்கிற சனம் நாங்கள். வீட்டுக்கு வந்தும் எனக்கு அந்த மலைப்புத் தீரவில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "நம்பினா நம்பட்டுமன், உனக்கென்ன?" என்றுவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

கடன் வந்தது. இரண்டு பகுதியாகத் தருவார்கள். முதல் பகுதியில் குளக்கட்டோடு நல்ல தண்ணீர்க் கிணறு, சுத்திகரிக்கிற தொட்டி, தண்ணீர் ஏற்றி வைக்கிற உயரத் தாங்கி, பெரிய குழாய், படலைக்குப் படலை ஒரு பைப். இரண்டாம் பகுதியில் மீற்றரும், பழுதுபட்டால் மாற்றுவதற்கு இன்னொரு பம்பும். குழாய் தாழ்க்கக் கிடங்கு வெட்டுகிற வேலை ஊருடையது. அவரவர் படலைக்கு முன்னால் இருக்கிற நீளத்தை அவரவர் வெட்ட வேண்டும். குசினியிலிருந்தும் குளிக்கிற இடத்திலிருந்தும் வருகிற கழிவுத் தண்ணீர் ரோட்டில் ஓடாதபடி வீட்டுக்கு வீடு கல்லும் மணலும் போட்ட ஒரு குழியும் வெட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் ரோசத்தில் வெட்டிக்கொண்டே போனார். தலை மறைந்தபிறகு நான் எட்டிப் பார்த்து, "இஞ்சாருங்கோ, கிணறு ஏற்கெனவே ஒண்டு இருக்கு" என்றேன். உள்ளேயிருந்து மண்தான் பறந்து வந்தது.

தாங்கி எழும்பிய காலத்தில் நான் அரைவாசி வேலையைக் கெடுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடியே திரிந்தேன். எங்கள் ஊரில் அதற்கு முன்னர் பனையைவிட உயரமாக எதுவும் நின்றதில்லை. நாலு கால் எழும்பி, மேலே வட்டமாகத் தட்டுக் கட்டி, சுற்றி வளைத்துப் பூசி வந்தபோது, இது எங்களுடையது என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது. பல் இல்லாத வாய்க்குத் தங்கப்பல் கட்டினமாதிரி என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயலுக்குப் போகிற வழியில் அதன் நிழல் என்மேல் விழும்போது நான் கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பேன்.

முதல் தடவை தண்ணீர் திறந்து பார்க்கிற நாள் வந்தது. காலையில் தாங்கி நிரம்பியிருந்தது. தலைவர் கீழே வால்வைத் திறந்தார். மிஸ்ஸும் நானும் அக்காவின் படலையில் நின்றோம். கடைசிப் பைப்பில் தண்ணீர் ஓடுகிறதா என்பதைத்தான் அவர் பார்த்து எழுத வேண்டும். அக்கா பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் பைப்புக்கு முன்னால் போட்டு, கலியாண வீட்டுக்கு வந்தவள்போல இருந்தாள்.

பைப் முதலில் சீறியது. பிறகு இருமியது. செம்மண் கலரில் ஒரு கோடு வந்து, நூலாகி, சொட்டாகி, நின்றுபோனது. நாங்கள் காத்திருந்தோம். வெயில் ஏறியது. தலைவர் போனில், "மிஸ், தாங்கியில தண்ணி அடிக்குப் போகுது" என்றார்.

"மேல ஒரு சொட்டும் வரேல்லை, அதுக்குள்ள எப்பிடி அடிக்குப் போகும்?" என்றார் மிஸ்.

அக்கா கதிரையை மடக்கினாள். "வழியில களைச்சுப்போய் எங்கேயோ இருந்திட்டுதாக்கும்" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மிஸ்ஸும் நானும் கீழே நடந்தோம். குழாய் எங்கேயாவது வெடித்திருக்கும் என்று அவர் நினைத்தார். ஒரு இடத்திலும் வெடிக்கவில்லை. படலைக்குப் படலை என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்கிறேன். பரல், குடம், வாளி, சருவம், மருந்தடிக்கிற தாங்கி, பிள்ளை குளிப்பாட்டுகிற தொட்டி, ஐஸ்கிறீம் பெட்டி, எல்லாம் வரிசையில் நின்றன. ஒரு வீட்டில் குளிர்ப்பெட்டியின் மரக்கறித் தட்டைக் கழற்றி வந்து பிடித்தார்கள். தண்ணீர் ஏற்றி வருகிற பவுசர் வந்தால் கைக்கு அகப்பட்ட எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிட வேண்டும், அடுத்தது எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும். போருக்குப் பிறகு முகாமில் அப்படித்தான் இருந்தோம், குடியேறி வந்த காலத்திலும் அப்படித்தான் இருந்தோம். கை அதை மறக்கவில்லை. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் திறந்துவைத்துக்கொண்டு, சும்மா இருந்த பாத்திரம் ஒன்றில்லாமல் நிரப்பிக்கொண்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சந்தியில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவர், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், இடம்பெயர்ந்து போய் நீண்ட காலத்துக்குப் பிறகு தகப்பனின் பழைய கடைக்காணிக்கே திரும்பி வந்தவர், கடை வாசலில் நீலப் பரல்களை அடுக்கி நிரப்பிக்கொண்டிருந்தார்.

"நானா, உங்களுக்கும் அறிவில்லையே? இவ்வளவு தண்ணியை என்ன செய்யப்போறியள், கப்பல் விடப்போறியளே?"

அவர் கோபிக்கவில்லை. பரலின் மூடியை இறுக்கினார். "நாளைக்கும் வருமெண்டு ஆர் தங்கச்சி சொன்னது?" என்றார்.

நான் விறுவிறென்று என் வீட்டுக்கு நடந்தேன். அங்கே என் வீட்டுக்காரர் இடியப்பச் சட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னரே குசினியில் கால் வைக்க இடமில்லை. அன்று அவர் கேட்ட பேச்சை அவர் இன்னும் ஆட்களுக்குச் சொல்லிக் காட்டிச் சிரிக்கிறார்.

பின்னேரம் மிஸ் எங்கள் வாசலில் நின்று விசயத்தைச் சொன்னார். குழாயில் பிழையில்லை, கணக்கிலும் பிழையில்லை. ஆனால் கடைசிப் படலையில் தண்ணீர் ஓடினால்தான் இரண்டாம் பகுதிக் காசு வரும். இன்னொரு தடவை பார்க்கலாம். அப்போதும் ஓடாவிட்டால், மேல் ஒழுங்கையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, மிச்ச ஊரோடு முடிக்கச் சொல்லி மேலிடத்தில் எழுதுவார்கள். தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது.

"மேல் ஒழுங்கையெண்டா என்ர அக்கா, மிஸ்" என்றேன்.

"தெரியும் அம்மா" என்றார்.

நான் அக்காவிடம் போனேன். அவள் முற்றத்தில் நின்று கோழிகளை எண்ணிக்கொண்டு, எதை யாருக்குக் கொடுப்பது என்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். அவளாகவே சொன்னாள். "அழாதை. வவுனியா என்ன சீமையே? பஸ் ஏறினா வந்திடுவாய்." நான் அழவில்லை, கோபம்தான் வருகிறது என்றேன். "உனக்கு ரெண்டும் ஒண்டுதானே" என்றாள்.

அடுத்த கூட்டத்தில் நான் ஊரைக் கிழித்துப் போட்டேன் என்று சொல்ல வேண்டும். யாரையும் விடவில்லை. மரக்கறித் தட்டையும் சொன்னேன், இடியப்பச் சட்டியையும் சொன்னேன், என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். எல்லோரும் குனிந்துகொண்டு கேட்டார்கள். ஏச ஏச ஒன்றும் நடக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஏசினால் குனிவார்கள், தண்ணீர் வந்தால் பிடிப்பார்கள். அந்த ஆத்திரத்தில் என் வாயிலிருந்து வந்துவிட்டது:

"சிறுபோகத்தில கடைசி வயலுக்கு முதல் முறை விடுற சனமே நீங்கள்? நெல்லுக்குக் காட்டுற இரக்கத்தை ஒரு மனுசிக்குக் காட்ட ஏலாதே?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மழை குறைந்து குளம் வற்றுகிற சிறுபோகத்தில் எங்கள் வாய்க்காலில் ஒரு வழக்கம் இருக்கிறது. குளத்துக்குக் கிட்ட இருக்கிற வயல்காரர் மடையை மண் போட்டு மூடிவைப்பார். தண்ணீர் அவருடைய வரம்பைத் தொட்டுக்கொண்டு போய், வாய்க்காலின் கடைசி வயலில் முதலில் ஏறும். அது நனைந்தபிறகு அதற்கு முந்தியது, பிறகு அதற்கு முந்தியது. குளத்தடி வயலுக்குக் கடைசி முறை. இதற்குக் காவல் கிடையாது. மற்ற விசயங்களில் எவ்வளவு அடிபட்டாலும் இதில் மட்டும் யாரும் களவு செய்ததாக நான் கேள்விப்படவில்லை.

கடைக்கார நானாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப குழாய்க்கும் அந்த முறையை வையுங்கோவன். மேல ஓடினபிறகு நாங்கள் திறக்கிறம்."

"காணுமே மிஸ், அப்பிடிச் செய்தா?" என்று தலைவர் கேட்டார்.

கடைசியில் எல்லோரும் திறந்த நேரத்திலும் மேலே ஓடினால் போதும், எந்த வரிசையில் திறக்கிறீர்கள் என்பது உங்கள் பாடு என்றார் மிஸ். கை உயர்த்தினார்கள். கை உயர்த்துவது சுகம். பைப் உன்னுடைய படலையில் இருக்கிறது, உனக்கு முன்னால் பரல் இருக்கிறது, குழாய்க்குள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது, பக்கத்தில் யாரும் இல்லை, அப்போது என்ன செய்வாய்? உண்மையைச் சொன்னால் எனக்கு என் ஊர்மேல் நம்பிக்கை இருக்கவில்லை.

இரண்டாம் தடவை திறந்து பார்க்கிற நாள் காலையில் தலைவர் வால்வைத் திறந்தவுடன் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலே புறப்பட்டேன். யார் திறந்திருந்தாலும் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவது என்றுதான் புறப்பட்டேன். வாயில் சொல்லெல்லாம் தயாராக இருந்தது.

எங்கள் வீட்டைத் தாண்டிய முதல் படலையில் ஒரு தாயும் மகளும் பைப்புக்குப் பக்கத்தில் நின்றார்கள். பைப் பூட்டியிருந்தது. இரண்டாவதில் ஒரு கிழவர் பைப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார், பார்த்தால் ஆசை வரும் என்றோ என்னவோ. அடுத்ததில் யாரும் இல்லை, பைப் மட்டும் நின்றது, பூட்டியபடி. அதற்கடுத்தது, அதற்கடுத்தது. சைக்கிளை மெதுவாக மிதித்தேன். ஊரில் ஒரு பேச்சுக் குரல் இல்லை. தோட்டத்துக்கும் போகாமல், கடைக்கும் போகாமல், எல்லோரும் தங்கள் தங்கள் படலையில் நின்று, தங்களைத் தாண்டித் தண்ணீர் மேலே போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையாகவே கேட்டது. சந்தியில் இறங்கி நின்றபோது காலுக்குக் கீழே மண்ணுக்குள்ளே அந்த ஓட்டம் எனக்கும் கேட்டது.

நானா கடை வாசலில் நின்றார். அவருடைய நீலப் பரல்கள் எல்லாம் வெறுமையாக, வாய் நிலத்தில் பட, கவிழ்த்து அடுக்கியிருந்தன. முதல் தடவை பிடித்த தண்ணீரை என்ன செய்தார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நாளைக்கு வருமா என்று அவருக்கு அன்றும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் கையால் மேலே காட்டி, "போங்க தங்கச்சி, போங்க" என்றார், நான்தான் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறமாதிரி.

நான் எத்தனையோ பெரிய விசயங்களைக் கண்டவள். கெட்ட பெரிய விசயங்கள்தான் அதிகம். ஒரு ஊர் முழுக்கக் கைக்கெட்டிய தண்ணீரைத் தொடாமல் நின்றதை அதற்கு முன்னர் கண்டதில்லை. திட்டுவதற்கென்று கொண்டுவந்த சொற்களோடு, யாரையும் திட்ட இடம் கிடைக்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு மேல் ஒழுங்கையில் ஏறினேன்.

அக்காவின் படலையில் மிஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அக்கா இந்தத் தடவை கதிரை போடவில்லை. நின்றபடி, ஒரு செம்பைக் கையில் வைத்திருந்தாள். பைப் சீறியது. இருமியது. செம்மண் வந்தது. பிறகு எல்லாம் நின்றுவிட்டதுபோல ஒரு கணம். அதன் பிறகு வந்தது. முழுக் கனத்துக்கு, பளிங்காக, வாளியின் அடியில் மோதிச் சிதறி எங்கள் மூன்று பேரின் பாவாடையையும் சேலையையும் நனைத்துக்கொண்டு வந்தது.

மிஸ் போன் எடுத்தார். "அடுத்த படலை திறக்கலாம்." பிறகு அதற்கு முந்தியது. பிறகு அதற்கு முந்தியது. ஒவ்வொரு படலை திறக்கும்போதும் அக்காவின் பைப்பில் தண்ணீர் ஒரு நூல் மெலிந்தது. கடைசியாகக் குளக்கட்டில் எங்கள் வீட்டுப் பைப்பும் திறந்தாயிற்று என்று என் வீட்டுக்காரர் போனில் சொன்னபோது, இங்கே தண்ணீர் சின்ன விரல் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிற்கவில்லை. மிஸ் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எழுத வேண்டியதை எழுதி, அக்காவின் கையைப் பிடித்து, "அம்மா, சரி" என்றுவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

நாங்கள் இருவரும் மிஞ்சினோம். அக்கா செம்பில் பிடித்துக் குடித்தாள். மெதுவாக, கண்ணை மூடி, முழுவதையும் குடித்தாள். திரும்பவும் செம்பை நிரப்பினாள். நிரம்பியதும் பைப்பை இறுக்கிப் பூட்டிவிட்டு, செம்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, கெதியாக ஒரு பக்கம் விலகி நின்றாள்.

"ஏன் பூட்டினனீ?"

"காணும்" என்றாள். "பின்னால நிக்கிறவைக்கு விடவேணுமெல்லே."

நான் திரும்பிப் பார்த்தேன். வேலி. வேலிக்கு அப்பால் காடு.

"அக்கா, பின்னால ஒருத்தரும் இல்லை. நீதான் கடைசி."

அவள் திரும்பினாள். படலையையும், வேலியையும், பைப்பையும் ஒரு தடவை பார்த்தாள். செம்பை நிலத்தில் வைத்துவிட்டு வந்து பைப்பை முழுதாகத் திறந்து, இரண்டு கையையும் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைக்கு ஒரு கோல் எடு" என்றாள். "அம்மா வரேல்லையாம் எண்டு சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் போனில் அக்கா மகளின் இலக்கத்தைத் தேடினேன்.